அம்மாவின் 400 கிலோமீட்டரும் குழந்தையின் 32 பக்கங்களும்

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் பெற்றோர், மாரத்தான் ஓடும் பெற்றோர் சிலர் தங்கள் அனுபவத்தைப் பிள்ளைகளுக்கான படப்புத்தகமாக்கிச் சொந்தச் செலவில் அச்சிட விரும்புகிறார்கள். படப்புத்தகங்களைச் செம்மை செய்து பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அவர்கள் கொண்டுவரும் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: விடியுமுன் எழுந்தது, பயிற்சி செய்தது, கால் வலித்தது, விட்டுவிடலாம் என்று தோன்றியது, விடாமல் முடித்தது, கடைசிப் பக்கத்தில் பதக்கம். இதில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடமே இல்லை. அந்தப் பிள்ளை ஓடவில்லை, காத்திருந்தது. புத்தகம் அந்தக் காத்திருப்பில்தான் தொடங்க வேண்டும்.

பிஆர்எம் என்று சைக்கிள்காரர்கள் சொல்லும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். பிரான்சின் ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகம் முழுவதும் நடப்பது இது. சென்னை, கோவை உள்பட நம் ஊர்களிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. இது பந்தயம் அல்ல. நேரத்துக்குள் வந்த எல்லோரும் சமம். வழியில் கன்ட்ரோல் எனப்படும் இடங்களில் நின்று, கையிலிருக்கும் அட்டையில் பதிவு வாங்க வேண்டும். வீட்டாரோ நண்பர்களோ உதவ நினைத்தால் அந்தக் கன்ட்ரோல்களில் மட்டுமே உதவலாம், நடுவழியில் கூடாது. இருட்டில் முன்விளக்கு, பின்விளக்கு, ஒளியைத் திருப்பியடிக்கும் ஜாக்கெட் எல்லாம் கட்டாயம்.

இந்த விதிகளுக்குள்ளேயே ஒரு படப்புத்தகம் இருக்கிறது. 27 மணி நேரம் என்பது குழந்தைக்கு ஓர் எண் மட்டுமே. ஆனால் சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பிய அம்மா ஞாயிறு காலை 9 மணிக்குள் வருவார் என்றால், நடுவில் ஒரு மதியச் சாப்பாடு, ஒரு விளையாட்டு நேரம், அம்மா பக்கத்தில் இல்லாத ஒரு ராத்திரி, ஒரு இட்லி இருக்கின்றன. குழந்தையின் கடிகாரம் அதுதான். இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் சாலை என்று அடுக்கிப் பாருங்கள், கதை தானாக நகரும். கன்ட்ரோலில் மட்டுமே அம்மாவைப் பார்க்கலாம், அங்கேதான் புளிசாதப் பொட்டலத்தைக் கொடுக்க முடியும் என்ற விதியே கதையின் முடிச்சாகிவிடுகிறது. 'விடாமுயற்சி' என்ற சொல்லை ஒரு தடவைகூட எழுத வேண்டியதில்லை.

என்னிடம் வந்த ஒரு தாய், முதல் கூட்டத்தில் தன் பயிற்சி அட்டவணையை விரித்து வைத்தார். உங்கள் மகள் இதைப் பற்றி என்ன கேட்பாள் என்று கேட்டேன். "ராத்திரி நீ எங்கம்மா தூங்குவே?" என்பாளாம். எழுதி வந்த பக்கங்களில் அதற்குப் பதிலே இல்லை. பெட்ரோல் பங்க் ஓரத்திலும் பஸ் நிறுத்தத் திண்ணையிலும் ஹெல்மெட்டைத் தலைமாட்டில் வைத்து இருபது நிமிடம் கண்ணயர்வதை அவர் சொல்லத் தகாத விஷயமாக நினைத்திருந்தார். பிள்ளை அறிய விரும்பியதோ அதைத்தான். அந்தக் கேள்வியே புத்தகத்தின் முதல் வரியானது.

வலியைப் பற்றி எனக்குக் கண்டிப்பான ஒரு கருத்து உண்டு. 'வலித்தது, ஆனாலும் நிற்கவில்லை' என்று பிள்ளைகளுக்கு எழுதாதீர்கள். வலித்தால் சொல், களைத்தால் உட்கார் என்று வீட்டில் கற்றுக்கொடுத்துவிட்டுப் புத்தகத்தில் அதற்கு மாறாக எழுதக் கூடாது. அம்மா நிற்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், காலை நீட்டி உட்காரட்டும். நேரம் முடிந்து பாதியில் திரும்பிய ஓட்டமும் நல்ல புத்தகமாகும். பதக்கம் இல்லாமல் வீடு திரும்பும் அப்பாவைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை எந்த வாசகரும் மறக்கமாட்டார்.

பிள்ளையின் சம்மதத்தையும் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. அழுததையோ கோபித்துக்கொண்டதையோ அச்சில் ஏற்றுமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பள்ளிச் சீருடையின் முத்திரை, தெருப் பெயர்ப்பலகை, முழுப்பெயர் எதுவும் படத்தில் வர வேண்டாம். புத்தகம் எங்கெங்கோ போகும், பிள்ளையும் வளர்ந்து பெரியவளாவாள்.

எதற்கு 32 பக்கம்? அச்சுத்தாளை மடித்தால் எட்டு, பதினாறு என்றுதான் பக்கம் விழும். தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று விரிபக்கங்கள், அதாவது எதிரெதிரே விரியும் பக்க ஜோடிகள், கிடைக்கும். ஓவியரைத் தேடுமுன் வெள்ளைத்தாளை மடித்து டம்மி ஒன்று செய்து, பென்சிலால் குச்சி உருவங்கள் போட்டு, பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பக்கம் திருப்பும் இடத்தில் பிள்ளையின் கை தானாக வருகிறதா என்று கவனியுங்கள். வராத இடத்தில் சொல் அதிகமாகியிருக்கும். படத்தில் தெரிவதை வரியிலும் சொல்லியிருந்தால் வரியை வெட்டுங்கள்.

ஓவியர் சைக்கிள் ஓட்டாதவராக இருக்கலாம். சங்கிலி சைக்கிளின் வலப்புறம் இருக்கும். பக்க அமைப்புக்காகப் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டால் சங்கிலி இடப்புறம் போய்விடும், வண்டிகள் சாலையின் தவறான பக்கத்தில் ஓடும். வலப்பக்கம் நோக்கிப் போகும் சைக்கிளில் சங்கிலி தெரியும், வீடு திரும்ப இடப்பக்கம் நோக்கி வரும்போது மறையும். ஓட்டும் படம் ஒவ்வொன்றிலும் ஹெல்மெட் வேண்டும். ஒளியைத் திருப்பியடிக்கும் அந்த ஜாக்கெட்டின் பளீர்ப் பச்சைமஞ்சள் கணினித்திரையில் மின்னும். நான்கு நிற அச்சில் அது மங்கித்தான் வரும், ஏனென்றால் அந்த நான்கு மைகளின் கலவையில் அந்த ஒளிர்வு கிடையாது. ஐந்தாவதாகத் தனி மை சேர்க்கலாம், செலவாகும். சுற்றிலும் ஆழ்ந்த நீலம் கொடுத்தால் மங்கிய மஞ்சளும் எடுப்பாகத் தெரியும். இதை ஓவியரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தமிழ் எழுத்துக்கும் கவனம் தேவை. கி, கு என்று மேலும் கீழும் குறிகள் நீள்வதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள். 'ஓட்டிக்கொண்டிருந்தார்' போன்ற நீண்ட சொல்லை வரிமுனையில் உடைக்காதீர்கள், 'ஓட்டினார்' என்றே எழுதிவிடலாம். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்தைப் படத்தோடு கலக்காமல் தனி அடுக்கில், கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். விரிபக்கத்தின் நடு மடிப்பில் முகம் விழ வேண்டாம். 32 பக்கத்துக்கு நடு மடிப்பில் கம்பி அடிக்கும் சென்டர் பின் போதும், புத்தகம் நன்றாக விரியும்.

இனி பணமும் உரிமையும். ஓவியருடன் எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் வேலையைத் தொடங்காதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி குடும்பம் வழியாக அங்கே விற்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம். அட்டையில் ஓவியரின் பெயர் உங்கள் பெயருக்குச் சமமாக இருக்கட்டும். பாதிப் புத்தகம் அவருடையது. போட்டி நடத்துவோரின் சின்னத்தை அனுமதியில்லாமல் அட்டையில் போடாதீர்கள். அயர்ன்மேன் போன்ற போட்டிப் பெயர்கள் பதிவு செய்யப்பட்ட வணிகக்குறிகள்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்கும் பதிப்பு நிறுவனங்களின் 'பேக்கேஜ்'களைப் பார்த்திருக்கிறேன். மனம் கசக்கிறது, ஏனென்றால் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை அதை இலவசமாகவே தருகிறது. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வேறு நிறுவனத்தின் எண்ணில் வந்தால் பதிவேட்டில் பதிப்பாளர் அந்த நிறுவனம்தான். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண்.

நூறு இருநூறு பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சே சரி. ஆயிரம் என்றால் ஆஃப்செட்டில் ஒரு பிரதியின் விலை நன்றாகக் குறையும், ஆனால் மீதிப் பிரதிகள் உங்கள் கட்டிலடியில்தான் இருக்கும். எத்தனை அச்சிட்டாலும், ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்த பிறகே மொத்த அச்சுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

வெளியானதும் நூல் வழங்கல் சட்டம், 1954 உங்களுக்கும் பொருந்தும், ஏனென்றால் பதிப்பாளர் இப்போது நீங்கள். வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்பட நான்கு பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். தபால் செலவும் உங்களுடையதே. அச்சிடும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போதே அந்தப் பிரதிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.