அக்கா வீட்டு பேபி காட்டைப் போடுவதற்கு முன்

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாய்மாரைப் போய்ப் பார்ப்பது தாதியான என் வேலை. மலேசியாவில், பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் வட்டாரம். பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகள். தாயின் தையல், குழந்தையின் எடை, மஞ்சள் காமாலை எல்லாம் பார்த்து முடித்ததும், “பிள்ளை எங்கே படுக்குது?” என்று கேட்பேன். பல வீடுகளில் காட்டப்படுவது அக்கா வீட்டிலிருந்து வந்த பேபி காட் (கம்பித் தடுப்பு வைத்த குழந்தைக் கட்டில்), இல்லையென்றால் ஃபேஸ்புக்கில் மலிவாகக் கிடைத்தது.

பழைய காட் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கத் தடுப்பு மேலும் கீழும் இறங்குகிற வகையை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். குனியாமல் பிள்ளையைத் தூக்கலாம் என்பதால், ஆபரேஷன் ஆன தாய்மார் விரும்பிக் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் 2011 ஜூன் 28 முதல் இதைத் தயாரிக்கவும் விற்கவும் தடை. 2000ஆம் ஆண்டுக்குப் பின் குறைந்தது 32 குழந்தைகளின் மரணத்துக்கும் இந்த இறங்கும் தடுப்புக்கும் தொடர்பு இருந்ததாக அந்நாட்டுப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்திருந்தது.

தடுப்பைத் தாங்கி நிற்பவை சின்ன பிளாஸ்டிக் கொக்கிகள். ஏற்றி இறக்கும்போது அவை தேயும், ஒரு நாள் உடையும். தடுப்பின் ஒரு மூலை கழன்று வெளியே சாயும். மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு இடைவெளி விழும். உருண்டு வரும் குழந்தையின் உடம்பு அதில் இறங்கி, கழுத்து மாட்டிக்கொள்ளும். மூச்சு அடைபடுவதால் அழுகைச் சத்தமே வராது. பக்கத்து அறையில் இருக்கும் தாய்க்குப் பிள்ளை தூங்குகிறது என்றுதான் தோன்றும்.

ஒரு வீட்டில் பாட்டி அப்படிப்பட்ட காட்டைத் துடைத்து வைத்திருந்தார். “மிஸ்ஸி (தாதியை இங்கே இப்படித்தான் அழைப்பார்கள்), மூத்தவ பிள்ளைங்க மூணும் இதுலதான் படுத்துச்சுங்க, ஒண்ணும் ஆகலயே” என்றார். நான் தடுப்பைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். கீழ் மூலை இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே வந்தது. ஒரு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் ராஃபியா கயிறு கட்டியிருந்தது. அந்த மூன்று பிள்ளைகளும் வளர வளர, மரத்தின் துளைகளும் அகன்றிருக்கின்றன. நம் ஊர் ஈரப்பதத்தில் பலகை ஊறிப்போனால் திருகாணி பிடிக்காது. பாட்டி தொட்டுப் பார்த்துவிட்டு, “இது வேணாம்மா” என்று மருமகளிடம் அவரே சொன்னார்.

ஆபத்தான காட்டை நிறுவனம் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1998இல் சிகாகோவில், பராமரிப்பாளர் வீட்டில், ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தை மடக்குக் காட் ஒன்று சரிந்து கழுத்து நெரிபட்டு இறந்தது. அந்தக் காட் 1993இலேயே திரும்பப் பெறப்பட்டது. ஐந்து ஆண்டுகள் ஆகியும் செய்தி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால், பிள்ளையை பேபி சிட்டரிடமோ தாஸ்கா எனும் குழந்தைப் பராமரிப்பு மையத்திலோ விடுபவர்கள் அது தூங்கும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஆபத்தான பொருளைத் தடைசெய்யவும் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லவும் அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கைமாறி வரும் காட்டுக்கு ரசீதும் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. யாரைத் தேடி அறிவிப்பு வரும்? எம்சி எனும் மலேசியப் பாதுகாப்பு முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள், அது விளையாட்டுப் பொருள்களுக்கானது. காட்டின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து, நிறுவனத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் ஓஇசிடி எனும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நடத்தும் உலகத் திரும்பப்பெறல் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். லேபிளே இல்லையா? வாங்காதீர்கள்.

பிறகு ஒரு அடிக்கோல் எடுங்கள். கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் கால் வழியாக உடம்பு நழுவும், தலை மாட்டும். மெத்தையின் ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது. பிள்ளை உட்காரத் தொடங்கியதும் மெத்தைத் தட்டைக் கீழே இறக்குங்கள்.

காட்டுக்குள் விரிப்பைத் தவிர எதுவும் வேண்டாம். கடையில் செட்டாக விற்கும், கம்பிகளின் உள்பக்கம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, குட்டித் தலையணை, உருளைத் தலையணை எல்லாம் அழகுதான். ஆனால் மூக்கு அதில் புதைந்தால் திருப்பிக்கொள்ளத் தெரியாத வயது. பஞ்சுத் தடுப்பை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடைசெய்தது. பிள்ளை திடுக்கிடாமல் இருக்க நெஞ்சின் மேல் தாவ்கே (முளைவிட்ட பாசிப்பயறு) தோல் அடைத்த தலையணை வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது நழுவி முகத்துக்கு வர நேரம் ஆகாது.

ஸ்பிரிங் தொட்டில் பற்றியும் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் 2009 டிசம்பரில் ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு வகைத் தொட்டில் சுமார் 24,000 திரும்பப் பெறப்பட்டது. இரண்டு குழந்தைகள் ஒரு பக்கமாக உருண்டு, துணியில் முகம் அழுந்தி இறந்திருந்தன. ஆட்டித் தூங்க வைத்ததும், சமமான, இறுக்கமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். இரவு முழுக்கத் தொட்டிலிலேயே விட வேண்டாம்.

வேண்டாம் என்று முடிவு செய்த காட்டை முழுசாக பிளாட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வராதீர்கள். மறுநாளே வேறொரு வீட்டுக்குப் போய்விடும். தடுப்பைக் கழற்றி, கம்பிகளை அறுத்து, கொக்கிகளை உடைத்தபின் குப்பையில் போடுங்கள்.