சொல் பேச்சு கேட்காத நாய்க்குட்டியின் மூளைக்குள் என்ன நடக்கிறது?

சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட நாய் இனங்களின் பட்டியலில் ஜாக் ரஸல் டெரியர் இருக்கிறது, டாக்ஸ்ஹண்ட் இருக்கிறது, மினியேச்சர் ஷ்னாசர் இருக்கிறது. எல்லாம் சின்ன உடம்பு. ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான் என்பதால் பலர் இந்தப் பட்டியலை வைத்துத்தான் குட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் உடம்பு சிறியதாக இருந்தால் வளர்ப்பதும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் ஜான் ரஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்கென்று வளர்த்த நாய்களின் வழியில் வந்தது ஜாக் ரஸல். டாக்ஸ்ஹண்டை ஜெர்மானியர்கள் வளைக்குள் இறங்கி அங்கே ஒளிந்திருக்கும் விலங்கை எதிர்கொள்வதற்காக உருவாக்கினார்கள். வளைக்குள் எசமானரின் குரல் எட்டாது. நாய் தானே முடிவெடுக்க வேண்டும். கடி வாங்கினாலும் பின்வாங்கக் கூடாது. அப்படிப் பின்வாங்காத நாய்களைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கினார்கள்.

அந்த வழியில் வந்த குட்டி ஈசூனில் ஒரு நாலறை வீட்டுக்கு வந்து சேர்கிறது. செருப்பைக் கடிக்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை, வாசல் மணி அடித்தால் விடாமல் குரைக்கிறது. "ரொம்பப் பிடிவாதம், சொல் பேச்சே கேட்க மாட்டேங்குது" என்று சீக்கிரமே பெயர் வாங்கிவிடுகிறது.

குட்டி நம்மை எதிர்க்க வேண்டும் என்று எதையும் செய்வதில்லை. எதைச் செய்தபோது நல்லது நடந்ததோ அதைத் திரும்பச் செய்கிறது. அந்த நல்லதைப் பெரும்பாலும் நாமே, தெரியாமல், கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1898இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவு வைத்துக் கவனித்தார். உள்ளே ஒரு கயிற்றையோ நெம்புகோலையோ இழுத்தால் கதவு திறக்கும். பூனை முதலில் கண்டதையெல்லாம் பிறாண்டும், தற்செயலாகக் கயிறு இழுபடும், வெளியே வரும். திரும்பத் திரும்ப அடைத்தபோது வெளியே வர ஆகும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பலன் தந்த செயல் நிலைக்கிறது, தராதது உதிர்கிறது. பிறகு பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்றைய மென்மையான நாய்ப் பயிற்சி முழுவதும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

மூளைக்குள் இது எப்படி நடக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அளந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு சமிக்ஞை வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, சமிக்ஞைக்கே துடித்தன, சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. சமிக்ஞை வந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. ஷுல்ட்ஸும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 1997இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக விளக்கியது: எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் மூளைக்குப் பாடம்.

நாய்க்குட்டி விஷயத்தில் இதன் விளைவு நேரடியானது. பரிசு எந்தக் கணத்தில் வருகிறதோ, அந்தக் கணத்துக்குச் சற்று முன் நடந்ததுதான் பதிகிறது. குட்டி குளியலறையில் வைத்த தட்டில் சரியாகச் சிறுநீர் கழிக்கிறது. நீங்கள் மகிழ்ந்து, சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து, ஓடி வந்த குட்டிக்கு ஒரு துண்டு கொடுக்கிறீர்கள். அது கற்றுக்கொண்டது, டப்பாச் சத்தம் கேட்டால் ஓடி வர வேண்டும் என்பதை. தட்டைப் பற்றி எதுவும் பதியவில்லை. அதனால்தான் பயிற்சியாளர்கள் ஒரு அடையாள ஒலியை வைத்துக்கொள்கிறார்கள். கிளிக்கர் என்ற சின்னக் கருவியாக இருக்கலாம், "சபாஷ்" என்ற சொல்லாகவும் இருக்கலாம். முதலில் அந்த ஒலியையும் தீனியையும் பலமுறை இணைத்துப் பழக்கிவிட்டால், அப்புறம் சரியான கணத்தில் ஒலியை எழுப்பிவிட்டுத் தீனியை இரண்டு நொடி கழித்துக் கொடுத்தாலும் பாடம் சரியான இடத்தில் பதியும்.

தீனி என்றால் வேகவைத்த கோழி, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு போதும். நம் சமையலறையில் ஒரு எச்சரிக்கை: வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே சாம்பார் சாதமும் உலர்திராட்சை போட்ட கேசரியும் வேண்டாம்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. பாட்டி "உட்காரு" என்கிறார், பேரன் "சிட்" என்கிறான், இந்தோனேசியப் பணிப்பெண் "டுடுக்" என்கிறார். குட்டிக்கு இவை மூன்றும் மூன்று தனித்தனி ஒலிகள், ஒவ்வொன்றையும் தனியாகக் கற்றாக வேண்டும். குடும்பமே கூடி ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்துவிட்டால் பாதிப் பிடிவாதம் காணாமல் போகும். கூடவே ஒரே மாதிரியான கைச்சைகையும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைவிடக் கை அசைவையே நாய்கள் எளிதில் பின்பற்றுகின்றன.

இனி, தெரியாமல் நாமே கற்றுக்கொடுப்பதைப் பார்ப்போம். வேலை முடிந்து வீடு திரும்புகிறீர்கள், குட்டி மேலே பாய்கிறது. "வேண்டாம், இறங்கு" என்று கையால் தள்ளுகிறீர்கள். நாள் முழுக்கத் தனியாக இருந்த குட்டிக்கு, உங்கள் பார்வை, குரல், கையின் தொடுதல் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன. பாய்வது பலன் தருகிறது. நடையில் வாரை இழுப்பதும் அப்படித்தான். இழுத்தால் நீங்கள் பின்னால் வருகிறீர்கள், புல்தரை கிடைக்கிறது. வார் இறுகியதும் நின்றுவிட்டு, தளர்ந்ததும் நடந்தால் அந்தக் கணக்கு மாறும். முதல் சில நாள்கள் புளோக்கைச் சுற்றிவரவே நெடுநேரம் ஆகும். அந்தப் பொறுமை கட்டாயம் தேவை.

பாய்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று முடிவெடுத்தவர்கள் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். காரணம், பலன் நின்றவுடன் அந்தப் பழக்கம் குறைவதற்கு முன் சில காலம் கூடும். குட்டி இன்னும் உயரமாகப் பாயும், இன்னும் உரக்கக் குரைக்கும். ஸ்கின்னர் காலத்திலிருந்தே ஆய்வுக்கூடங்களில் பார்க்கப்பட்ட விஷயம் இது. அந்த நேரத்தில் தாங்க முடியாமல் ஒருமுறை கவனித்துவிட்டால், "இவ்வளவு உரக்கக் குரைத்தால்தான் கிடைக்கும்" என்ற புதிய பாடம் பதிகிறது. எல்லோரும் கண்டிப்பாக இருக்க, தாத்தா மட்டும் எப்போதாவது மேசைக்கு அடியில் ஒரு துண்டு பரோட்டா கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். எப்போது விழும் என்று தெரியாமல் வாராவாரம் ஃபோர்-டி லாட்டரி வாங்க வரிசையில் நிற்பவரைப் போல, குட்டியும் மேசையை விட்டு நகராது. எப்போதாவது கிடைக்கும் பலன் ஒரு பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்ற வைக்கும்.

"நீதான் தலைவன் என்று அதற்குக் காட்டு" என்ற அறிவுரை இன்றும் கீழ்த்தளப் பேச்சுகளில் அடிபடுகிறது. குட்டியை மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடி, முறைத்துப் பார், அதற்கு முன் நீ சாப்பிடு. இதன் வேர் ருடால்ஃப் ஷென்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. பாசல் விலங்குத் தோட்டத்தில் அடைபட்டிருந்த ஓநாய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதை அவர் பதிவு செய்தார். காட்டு ஓநாய்களும் அப்படியே வாழ்கின்றன என்று பலர் நம்பினார்கள். டேவிட் மெக் என்ற ஆய்வாளரும் 1970இல் அந்தக் கருத்தைப் பரப்பியவர்தான். ஆனால் அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு கழித்த பிறகு, 1999இல் அதைத் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள். சண்டை போட்டுத் தலைமையைப் பிடித்த சர்வாதிகாரி அங்கே இல்லை. ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை நாய்க்குட்டி மேல் திணிப்பது நியாயமில்லை.

அது ஆபத்தும்கூட. நடத்தைப் பிரச்சினைக்காக மருத்துவமனைக்கு நாயைக் கொண்டுவந்த உரிமையாளர்களிடம் மெகன் ஹெரன் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி, 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர் நாய் பதிலுக்குச் சீறியது அல்லது கடிக்க வந்தது என்றார்கள். மல்லாக்கப் புரட்டியவர்களில் 31 விழுக்காடு. முறைத்துப் பார்த்தவர்களிலேயே 30 விழுக்காடு. அவை ஏற்கெனவே சிக்கல் இருந்த நாய்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் நம்மில் பலர் கையை ஓங்குவதும் அப்படிப்பட்ட நாயிடம்தானே? 2020இல் போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளின் 92 நாய்களை ஒப்பிட்டார்கள். கழுத்து வாரைச் சுண்டி இழுப்பது, அதட்டுவது போன்ற முறைகளில் பழகிய நாய்களின் உமிழ்நீரில், பயிற்சிக்குப் பிறகு கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அதிகமாக இருந்தது. உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி, மற்ற நாய்களைவிட அவை மெதுவாகவே போயின. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அவற்றிடம் குறைந்திருந்தது.

அப்படியும் ஏன் அதட்டல் நிலைக்கிறது? அதட்டியதும் குட்டி அந்தக் கணம் நிறுத்திவிடுகிறது. நமக்குப் பலன் கிடைத்துவிட்டது, எனவே மறுபடியும் அதட்டுகிறோம். தார்ன்டைக் கண்ட விதி நம்மிடமும் அதே கறாரோடு வேலை செய்கிறது. சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநலப் பிரிவும் நலக் குழுக்களும் சேர்ந்து உருவாக்கிய நாய்ப் பயிற்சி வழிகாட்டியும், மிகக் குறைவாகத் துன்புறுத்தும் வழியையே முதலில் நாடச் சொல்கிறது.

பிடிவாதமாகத் தோன்றுவதில் கணிசமான பங்கு பயம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஜான் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் நடத்திய நீண்ட ஆய்வு, குட்டி ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை உலகத்தை எளிதில் ஏற்றுக்கொள்கிறது என்று காட்டியது. அதே ஆய்வுக்கூடத்தில் 14 வாரம் வரை மனிதரைத் தொட்டுப் பழகாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டு அஞ்சியே வாழ்ந்தன. 2012இல் தொடங்கிய 'புராஜெக்ட் அடோர்' திட்டத்தின்கீழ் வீவக வீட்டுக்கு வரும் உள்ளூர்க் கலப்பின நாய்களில் பல, இந்தப் பருவத்தைக் கட்டுமானத் தளங்களிலும் புதர்களிலும் கழித்தவை. மின்தூக்கிக்குள் வர மறுத்துத் தரையோடு ஒட்டிக்கொள்ளும் நாயை இழுக்காதீர்கள். கதவுக்குச் சற்றுத் தள்ளி நின்று, அது அமைதியாக இருக்கும் தூரத்தில் தீனி கொடுத்து, நாளுக்கு நாள் ஓரடி நெருங்குங்கள்.

குட்டிக்குத் தடுப்பூசித் தவணைகள் முடிய 16 வாரம்கூட ஆகலாம். அதற்குள் இந்தப் பருவம் போய்விடும். தரையில் விடாமல் கையிலோ துணிப்பையிலோ தூக்கிக்கொண்டு வெளியே போவதுதான் வழி. சக்கர நாற்காலி, குடை, உணவு விநியோக சைக்கிள், காப்பிக்கடைச் சத்தம் எல்லாவற்றையும் அது உங்கள் மார்போடு இருந்தபடி பார்க்கட்டும். இங்கே ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாள்கள் இடி இடிக்கிறது. சீனர்களின் ஏழாம் மாத கெத்தாய் பாட்டு மேடைகளும் சிங்க நடன மேளமும் வேறு. இவற்றின் ஒலிப்பதிவை மிக மெல்லிய சத்தத்தில் ஒலிக்கவிட்டு, கூடவே கோழித்துண்டு கொடுத்துப் பழக்குவதைக் குட்டி வந்த வாரத்திலேயே தொடங்குங்கள்.

மின்தூக்கியின் மூலையில் உட்காரப் பழக்குவது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை. நாயின் எச்சில் மேலே படக்கூடாது என்று சமயக் காரணத்தால் கருதுபவர்கள் நம் புளோக்கில் இருக்கிறார்கள். பயப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கதவு திறக்கும் ஒலி கேட்டதும் மூலையில் உட்கார்ந்தால் தீனி என்று பழக்கினால், சில வாரங்களில் அந்த ஒலியே கட்டளையாகிவிடும்.

அப்புறம் தூக்கம். குட்டிகள் நாளில் 18 மணி நேரம்வரை தூங்கும். மாலையில் வெறிபிடித்ததுபோல் ஓடிக் கையைக் கடிப்பது பெரும்பாலும் தூக்கம் போதாத குட்டி. அதற்கு அமைதியான மூலை ஒன்று வேண்டும். நேற்று வரை உட்கார்ந்த நாய் இன்று உட்கார மறுத்தால் இடுப்பிலோ முழங்காலிலோ வலி இருக்கலாம். பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டாவது மாதத்துக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். நியூகாசல் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதத்தில் "உட்கார்" என்றால் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்லும்போது முன்புபோல் கேட்கவில்லை. அறிமுகமில்லாதவர் சொன்னபோது அந்தச் சரிவு தெரியவில்லை. வளர்ப்பவரோடு பிணைப்பு உறுதியாக இல்லாத நாய்களிடம் இந்த முரண்டு கூடுதலாக இருந்தது. பருவமாற்றம் நெருங்கிய உறவின் மேல்தான் முதலில் மோதுகிறது. படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று மனம் உடைந்து, கைவிட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நாயைக் கைவிடுவது இங்கே குற்றம். முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அந்த மாதங்களில் பாடத்தை எளிமையாக்குங்கள், நேரத்தைக் குறையுங்கள், தீனியின் தரத்தைக் கூட்டுங்கள். பிஷான் - அங் மோ கியோ பூங்காவில் இருப்பதுபோல் வேலி போட்ட நாய்த்திடல்களைத் தவிர வேறெங்கும் வாரைக் கழற்றாதீர்கள். ஆஷர் குழுவின் ஆய்வில் நாய்களுக்கு 12 மாதம் ஆனபோது, வளர்த்தவர்கள் அவை மறுபடியும் சொன்னதைக் கேட்பதாகவே மதிப்பெண் கொடுத்தார்கள்.