சொல் விளக்கம்: மெய்நிகர்

கணினி காட்டும் காட்சிக்குள் நாமே இருப்பதுபோல் உணரவைக்கும் விர்ச்சுவல் ரியாலிட்டிக்கு மலாயில் 'ரியாலித்தி மாயா' என்று பெயர். அந்த 'மாயா' நம் மாயையேதான். இதைக் கேட்டுப் பழகிய பினாங்குத் தமிழர் வாயில் 'மாய உலகம்', 'மாயத்தோற்றம்' என்று வந்துவிடுவது இயல்பு. விளையாட்டுக்கு அது போதும்; நடையையும் அசைவையும் பாதிக்கும் மூளை நோயான பார்க்கின்சனுக்கு நடைப்பயிற்சி தர இதைப் பயன்படுத்தும்போது ஆகாது. நோய் முற்றும்போதும் சில மருந்துகளாலும், இல்லாத ஆளோ பூனையோ எதிரில் இருப்பதாகச் சிலருக்குத் தெரியும். மருத்துவத்தில் மாயத்தோற்றம் என்பது அதைத்தான். "பாட்டிக்கு மாயத்தோற்றம் உண்டா?" என்று தாதி கேட்க, பேரன் பாட்டியின் விர்ச்சுவல் ரியாலிட்டிப் பயிற்சியை நினைத்து "உண்டு" என்று சொல்லிவிட்டால், மருந்தின் அளவையே மாற்ற நேரலாம்.

சரியான சொல் மெய்நிகர். 'விர்ச்சுவல்' என்பதன் வேர், ஆற்றலைக் குறிக்கும் 'விர்த்தூஸ்' என்ற லத்தீன் சொல். பெயரில் அதுவாக இல்லாமல் பயனில் அதுவாக இருப்பது என்று பொருள் விரிந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்கிறோமே, அதே 'நிகர்'. சிலர் 'மெய்நிகர் உண்மை' என்று நீட்டுகிறார்கள். மெய் என்றாலே உண்மை, இன்னொரு உண்மை வேண்டாம். மெய்நிகர்ப் பயிற்சி, மெய்நிகர்க் காட்சி என்றால் போதும். மெய்க்கு உடல் என்ற பொருளும் இருப்பது இங்கே அழகாகப் பொருந்துகிறது.

பினாங்கு ஸ்திரீட் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையில், தூணுக்கும் கூடைகளுக்கும் நடுவே வழி குறுகும். கடைக்குக் கடை தரைமட்டம் மாறும். பார்க்கின்சன் உள்ளவருக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் நடையுறைவு இப்படிப்பட்ட இடங்களில் எளிதில் வரும். பிசியோதெரபியில், அதாவது இயன்முறைச் சிகிச்சையில், ஒவ்வொரு காலடிக்கும் ஒன்றாகத் தரையில் நிறப்பட்டை ஒட்டி, ஒவ்வொன்றையும் தாண்டி மிதிக்கச் சொல்வார்கள். தாளத்துக்கேற்ப அடி வைப்பதும் உதவும். ஆனால் நடையுறைவு உள்ளவருக்குத் தாளத்தை 10 விழுக்காடு குறைக்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 அடி வைப்பவருக்கு 90. வேகம் கூட்டினால் அடி குறுகிக் கால் பின்னிக்கொள்ளும்.

இதே பயிற்சியைத் திரையில் தருவதே மெய்நிகர்ப் பயிற்சி. 2016இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வொன்றில், பார்க்கின்சன் உள்ளவர்களையும் சேர்த்து 302 முதியவர்கள் பங்கேற்றார்கள். 6 வாரம், வாரத்துக்கு 3 முறை டிரெட்மில் நடை. ஒரு பிரிவினருக்கு மட்டும் எதிர்த் திரையில் தடைகளும் அவர்களுடைய பாதங்களின் அசைவும் தெரிந்தன. அடுத்த 6 மாதங்களில், வெறும் டிரெட்மில்லில் நடந்தவர்களைவிட இவர்கள் குறைவாகவே விழுந்தார்கள்.

தலையில் மாட்டும் கருவி வேறு விஷயம். அதை மாட்டினால் சொந்தப் பாதம் கண்ணில் படாது. பார்க்கின்சன் உள்ளவரோ கண்ணை நம்பித்தான் நடக்கிறார். மேலிருந்து தாங்கும் பட்டை கட்டாமல் அவரை நிற்க வைத்து இதைச் செய்யக்கூடாது. திரையில் தொடங்குவதே நல்லது. மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். மாயத்தோற்றம் உள்ளவர் என்றால் முதலிலேயே சிகிச்சையாளரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் குறிப்பேட்டிலும் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்: "மெய்நிகர்ப் பயிற்சி: காலை, 15 நிமிடம்." "மாயத்தோற்றம்: இரவு, கட்டிலடியில் பூனை."