பழ ரொட்டி ஏன் பிசுபிசுக்கிறது?

உலர்திராட்சை நிறையப் போட்டு, மால்ட் சாறு கலந்து சுட்ட பழ ரொட்டியை வெட்டினால் கத்தியோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் பள்ளமாகவே நிற்கும். சாதாரண பிரெட் போல உடனே எழும்பாது. சரியாக வேகவில்லை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். நன்றாக வெந்த ரொட்டியும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பிசுபிசுப்பைத் தருவது சர்க்கரையும் மால்ட்டில் உள்ள நொதியும்.

பார்லியை முளைக்கட்டி உலர்த்தினால் மால்ட். முளைவிடும் விதை தன்னிடம் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக்கொள்ள அமைலேஸ் என்ற நொதியை உருவாக்குகிறது. அந்த நொதி உயிர்ப்போடு இருக்கும் மால்ட்டை ரொட்டி மாவில் சேர்த்தால், அது அடுப்புக்குள் போயும் வேலையைத் தொடர்கிறது. சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கோதுமையின் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பி, இளகுகின்றன. நொதிக்கு அவற்றை வெட்டுவது அப்போதுதான் சுலபம். இன்னும் சூடேறி 80 டிகிரியை நெருங்கினால் நொதியே செயலிழந்துவிடும். இடையில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகள் துண்டாகி, மால்டோஸ் சர்க்கரையாகவும் டெக்ஸ்ட்ரின் என்ற பசைப் பொருளாகவும் மாறுகின்றன. மால்ட் அளவுக்கு மிஞ்சினால் ரொட்டி களியாகிவிடுவதும் இதனால்தான்.

அடுத்தது பழம். உலர்திராட்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அதுவும் பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். ஃபிரக்டோஸுக்குத் தண்ணீர் மேல் தனிப் பிடிப்பு. காற்றிலுள்ள ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். ஊறவைக்காத பழத்தை அப்படியே போட்டால் சுற்றியுள்ள மாவின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும், ரொட்டி வறண்டுபோகும். பழத்தைச் சூடான தேநீரில் ஊறவைத்துச் சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல.

சுட்டவுடன் சாப்பிடாமல் காகிதத்தில் சுற்றி ஒருநாள் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வறண்ட மேல்தோலுக்கு நகர்ந்து, மொறுமொறுப்பு போய் மேற்பரப்பு பளபளவென்று ஒட்டத் தொடங்கும். இந்தக் காத்திருப்பைத் தவறவிடாதீர்கள். ஆனால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து மறுபடி இறுகி, ரொட்டி வேகமாகப் பழசாகிறது. நீண்ட நாள் வைக்க ஃபிரீசரே நல்லது.

இவ்வளவு ஈரம் இருந்தும் ஏன் சீக்கிரம் கெடுவதில்லை? தண்ணீர் இருக்கிறது, ஆனால் சர்க்கரையின் பிடியில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நீரை 0 முதல் 1 வரையிலான அளவுகோலில் சொல்வார்கள். சுத்தமான தண்ணீர் 1, சாதாரண பிரெட் சுமார் 0.95. இது 0.91க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர்வதில்லை. பழமும் சர்க்கரையும் கூடக்கூட இந்த எண் இறங்கும். அண்டார்டிகாவின் கேப் அடேர் என்ற இடத்திலுள்ள பழைய குடிலில், தென்துருவப் பயணி ஸ்காட்டின் 1910-13 பயணக்குழுவுடையது என்று கருதப்படும் பழ கேக் ஒன்று துருப்பிடித்த தகர டப்பாவில் கிடைத்தது. கேக் வடிவம் குலையாமல் இருந்தது. கொழுப்பு காறிய வாடை லேசாக வந்தது, அவ்வளவுதான். அங்குள்ள குளிருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

தண்ணீரை விடாத அதே பசை பல்லையும் விடாது. பல்லிடுக்கில் ஒட்டியதை பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக்கூடக் குறையும் பிஎச் என்ற அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதனால் நாள் முழுக்கக் கிள்ளிக் கிள்ளித் தின்பதைவிட, எப்போதாவது ஒருநாள் சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு துண்டை ஆசைதீரச் சாப்பிட்டு வாய் கொப்பளிப்பது பல்லுக்கு எவ்வளவோ மேல்.