நடுக்கடலில் புயலின் வேகத்தை அளப்பது யார்?

"கரையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது புயல். அங்கே காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகச் செய்தியில் சொல்கிறார்கள். அங்கே போய் அளந்தது யார்?" நாகப்பட்டினத்து வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது.

யாரும் அளக்கவில்லை என்பதுதான் பதில். புயல் என்றதும் கப்பல்கள் விலகிப் போய்விடுகின்றன. வங்கக்கடலில் அளவுக்கருவிகள் பொருத்திய மிதவைகள் மிகச் சில. புயல் சரியாக அவற்றின் மேல் வந்து போனால்தான் உண்டு. அட்லாண்டிக்கில் அமெரிக்க விமானங்கள் புயலின் கண்ணுக்குள்ளேயே பறந்து கருவிகளைப் போட்டு அளக்கின்றன. நம் கடலில் அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் கிடையாது. ஆகவே அந்த 120 என்பது ஒரு படத்தைப் படித்துச் சொன்ன எண். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் எடுத்த படம் அது.

படிக்கும் முறையை வகுத்தவர் வெர்னன் டிவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர். 1970 வாக்கில் வேலையைத் தொடங்கினார். 1975-ல் ஆய்விதழில் வெளியிட்டார். 1984-ல் அகச்சிவப்புப் படங்களுக்கும் சேர்த்து விரிவாக்கினார். ஒவ்வொரு புயலுக்கும் 1 முதல் 8 வரை, அரை அரையாக ஏறும் ஓர் எண் தருவது அவர் முறை. அதை டி-எண் என்கிறார்கள். 2.5 என்றால் மணிக்கு 65 கிலோமீட்டர். நம் வானிலைத் துறை 'புயல்' என்று அழைக்கத் தொடங்கும் இடம் அது. 4 என்றால் 120. 1999-ல் ஒடிசாவைச் சிதைத்த சூப்பர் புயலுக்குக் கிடைத்த எண் 7. அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர்.

வெதுவெதுப்பான கடல், நீராவி, மேலெழும் காற்று, சுழற்சி எனப் புயல் பிறக்கும் கதை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போவோம். இளம் புயலில் பார்க்க வேண்டியது மேகப்பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்பதை. ஒளிபுகும் தாள் ஒன்றில் சுருள்கோடு வரைந்து படத்தின் மேல் வைத்து, வட்டத்தில் பத்தில் எத்தனை பங்கு சுற்றியிருக்கிறது என்று எண்ணினார்கள். முழுச்சுற்று வந்துவிட்டால் எண் ஏறத்தாழ 3.5.

புயலின் நடுவில் மேகமற்ற கண் திறந்த பிறகுதான் இந்த முறையின் உண்மையான அழகு தெரிகிறது. அகச்சிவப்புப் படம் என்பது வெப்பநிலைப் படம். மேகத்தின் உச்சி எவ்வளவு உயரமோ அவ்வளவு குளிர். கண்ணைச் சுற்றிய மேகச்சுவரின் உச்சி மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே போகும். சில பத்து கிலோமீட்டர் உள்ளே, கண்ணின் நடுவில், அதே படம் பிளஸ் 15 டிகிரி காட்டக்கூடும். காரணம் இதுதான்: சுவரில் ஏறிய காற்றில் பெரும்பகுதி மேலே போய் வெளிப்பக்கம் விரிகிறது; ஒரு பகுதி கண்ணுக்குள் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்படுகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதும் இதனால்தான். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும். அந்த வெப்பத்தில் மேகம் கரைகிறது. செயற்கைக்கோளின் பார்வை கீழ்மட்டம் வரை போகிறது.

இப்போது வேகத்துக்கு வருவோம். சூடான காற்றுத்தூண் எடை குறைந்தது. எனவே அதன் அடியில், கடல்மட்டத்தில், அழுத்தம் குறைகிறது. வெளியே அழுத்தம் அப்படியே இருக்க உள்ளே குறையக் குறைய, காற்று வேகமெடுக்கிறது. மேகச்சுவர் எவ்வளவு குளிரோ அவ்வளவு வலுவான ஏற்றம். கண் எவ்வளவு வெப்பமோ அவ்வளவு வலுவான இறக்கம். இந்த இரண்டு வெப்பநிலைகளையும் படத்திலிருந்து எடுத்து, அவற்றின் வேறுபாட்டை வைத்து, கடல்மட்டக் காற்றை ஊகித்துவிடலாம் என்று கண்டார் டிவோராக். அளவெடுக்க வசதியாகப் படத்துக்கு அவர் தீட்டிய சாயங்களும் அற்புதமானவை. மைனஸ் 64 முதல் 69 வரை கறுப்பு, 70 முதல் 75 வரை வெள்ளை, அதற்கும் கீழே மீண்டும் சாம்பல். கண்ணைச் சுற்றிய வளையங்கள் தாமாகவே எழுந்து நிற்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. புயல் தளரும்போது மேகம் முதலில் கலைகிறது. காற்று பின்தங்கியே அடங்குகிறது. அதனால் டி-எண் இறங்கினாலும், எச்சரிக்கைக்கான எண்ணைச் சில மணிநேரம் உயர்த்தியே வைத்திருக்கிறார்கள். மேகம் பிய்ந்துவிட்டது, புயல் போய்விட்டது என்று வாட்ஸ்அப்பில் படம் பகிர்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படித்துச் சொல்வது மனிதக் கண் என்பதால் பயிற்சிதான் இதன் உயிர். ஒரே படத்துக்கு ஒருவர் 2.0 என்பார், மற்றவர் 2.5 என்பார். அந்த அரை எண்ணில்தான் தாழ்வு மண்டலம் புயலாகிறது, பெயர் வைக்கப்படுகிறது, துறைமுகக் கூண்டு மாறுகிறது. 2017 நவம்பர் 30 காலை குமரிமுனை அருகே ஒக்கி புயலானபோது, முந்தைய நாள்தான் அது தாழ்வு மண்டலமாகியிருந்தது. பல நாள் மீன்பிடிக்கப் போனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். வடிவம் தெளியாத அந்த முதல் நாளில் படத்தைப் படிப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது.

இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய 1970 போலா புயலில் லட்சக்கணக்கானோர் இறந்த பிறகு, 1972-ல் வங்கக்கடல், அரபிக்கடல் நாடுகள் சேர்ந்து புயல் குழு அமைத்தன. இன்று இலங்கை, வங்கதேசம், மியன்மார் போன்ற நாடுகளின் முன்னறிவிப்பாளர்கள் நம் வானிலைத் துறையின் புதுதில்லி புயல் மையத்துக்கு வந்து பயிற்சி பெறுகிறார்கள். வெவ்வேறு நாட்டவர் டிவோராக் முறையைப் படிப்பதில் உள்ள வேறுபாடுகளைப் பேசவே 2011-ல் ஹொனலூலுவில் ஒரு பயிலரங்கு கூடியது. படங்களும் அப்படித்தான் பகிரப்படுகின்றன. 1998-ல் ஐரோப்பியர்கள் தங்கள் மீட்டியோசாட்-5 செயற்கைக்கோளை இந்தியப் பெருங்கடல் ஆய்வுக்காக நகர்த்தி வந்தார்கள். அன்று முதல் ஒரு மீட்டியோசாட் நம் கடலுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கிறது. நம் இன்சாட்-3டிஆர், 3டிஎஸ் ஆகியவற்றோடு அதன் படங்களும், கிழக்கிலிருந்து ஜப்பானின் ஹிமவாரி தரும் படங்களும் உதவுகின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இதே முறையைக் கணினியே செய்யும்படி ஆக்கியிருக்கிறார்கள்.

பஞ்சாங்கத்தில் புயலுக்குத் தேதி தேடுவதற்கு நம்மிடம் இருக்கும் ஆர்வத்தில் கால்பங்கு, படம் படிக்கும் இந்த ஆட்களின் பயிற்சிக்குக் கிடைத்தால் மகிழ்வேன். அதைவிட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. டிவோராக்கின் எண்ணைக் காற்றின் வேகமாக மாற்றும் அட்டவணை, அட்லாண்டிக்கிலும் மேற்குப் பசிபிக்கிலும் விமானங்கள் அளந்த காற்றோடு ஒப்பிட்டுச் செப்பம் செய்யப்பட்டது. மேற்குப் பசிபிக்கில் அந்தப் பறத்தலை அமெரிக்கா 1987-ல் நிறுத்திவிட்டது. வங்கக்கடலுக்கு அப்படி ஒரு சோதனை வழக்கமாக நடந்ததே இல்லை. குறுகிய, வெதுவெதுப்பான, மூன்று பக்கம் நிலம் சூழ்ந்த நம் கடலுக்கும் அந்த அட்டவணை அப்படியே பொருந்தும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். செயற்கைக்கோள்களுக்குப் பணம் ஒதுக்கத் தெரிந்த நாடு, ஆண்டுக்கு இரண்டு மூன்று புயல்களுக்குள் பறந்து அளக்க ஒரு விமானத்துக்கும் ஒதுக்க வேண்டும். கிடைக்கும் அளவுகளைக் கரையோர நாடுகள் எல்லாவற்றோடும் பகிர வேண்டும்.