விரலுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது?

1950 ஜூன் 3 அன்று பிரான்சைச் சேர்ந்த மோரிஸ் எர்ஸோக், லூயி லாஷெனால் இருவரும் நேபாளத்தின் அன்னபூர்ணா உச்சியை அடைந்தார்கள். உயரம் 8,091 மீட்டர். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரம் ஒன்றின் உச்சியில் மனிதக் கால் பட்டது அதுவே முதல் முறை. இறங்கும்போது, முதுகுப்பையைத் திறப்பதற்காக எர்ஸோக் கையுறைகளைக் கழற்றினார். இரண்டும் நழுவிச் சரிவில் உருண்டோடின. பைக்குள் மாற்றுக் காலுறைகள் இருந்தன, கையில் மாட்டியிருக்கலாம். ஆனால் பிராணவாயு குறைந்த அந்த உயரத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை. கால்விரல்கள் எல்லாவற்றையும், கைவிரல்களில் பெரும்பாலானவற்றையும் அவர் இழந்தார்.

ஒரு ஜோடி கையுறை போனதற்குக் கைவிரல்களையே விலையாகக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். விரலின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும்.

உடம்பில் சூட்டை உண்டாக்குவதில் தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விரலுக்குள் அப்படிச் சொல்லும்படியான தசையே கிடையாது. விரலை மடக்குங்கள், முழங்கைக்குக் கீழே சதை அசைவது தெரியும். அங்கிருக்கும் தசைதான் நாண்களைக் கொண்டு விரலை இழுக்கிறது. ஆகவே விரலுக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தோடுதான் வந்து சேர வேண்டும். குளிர் கடுமையானால் இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக உடல் விரல்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். பனிக்கட்டித் தண்ணீரில் விரலை வைத்தால் முதலில் வெளுத்து வலிக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் குழாய்கள் சற்றுத் திறந்து விரல் மறுபடி சிவக்கும். பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-இல் விவரித்த தற்காப்பு இது. உடம்பு முழுவதுமே குளிர்ந்துபோனால் இதுவும் மங்கிவிடும். அதனால்தான் கை விறைக்கிறது என்று சொல்பவரிடம் மலையேறிகள் முதலில் தொப்பியைப் போடச் சொல்கிறார்கள்.

கையுறை தானாகச் சூடு தராது. ரத்தம் கொண்டுவந்த சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்வது துணியைவிட அதற்குள் சிக்கி நிற்கும் காற்று. ஃபிரிட்ஜிலிருந்து எவர்சில்வர் டம்ளரையும் மரக்கரண்டியையும் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் டம்ளர்தான் சுரீர் என்று குளிரும், கையின் சூட்டை அது வேகமாக உறிஞ்சிவிடுவதால். அசையாத காற்று மரத்தைவிடவும் மந்தமாகச் சூட்டைக் கடத்தும். தண்ணீரோ காற்றைப்போல 20 மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். நனைந்த கையுறை ஏன் ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வியர்வையும் தண்ணீர்தான். பருத்தி நனைந்தால் சப்பென்று ஒட்டிக்கொண்டு காற்றை வெளியேற்றிவிடும். கம்பளி இழை சுருள் சுருளாக இருப்பதால் ஈரத்திலும் கொஞ்சம் காற்றைப் பிடித்துவைக்கும்.

இறுக்கமான கையுறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அது காற்றடுக்கையும் நசுக்கும், ரத்த ஓட்டத்தையும் நெரிக்கும். பனிக்கோடரியைப் பிடிக்கும் உள்ளங்கையிலும் இதே சிக்கல்: எவ்வளவு தடித்த பஞ்சும் பிடியில் நசுங்கிவிடும், உலோகம் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை இருந்தால் ஒவ்வொரு விரலும் நாலா பக்கமும் சூட்டை இழக்கும். விரல் மெல்லிய உருளை என்பதால் பஞ்சைக் கூட்டக் கூட்ட வெளிப்பரப்பும் பெருத்துக்கொண்டே போகும். இரண்டு மடங்கு தடிமன் போட்டாலும் இரண்டு மடங்கு பாதுகாப்பு கிடைக்காது. கட்டைவிரலை மட்டும் பிரித்து மற்ற நான்கையும் ஒரே பையில் விடும் 'மிட்டன்' வகை இங்கேதான் ஜெயிக்கிறது. மார்கழிக் குளிரில் ஒரே போர்வைக்குள் ஒட்டிப் படுக்கும் பிள்ளைகள் மாதிரி, நான்கு விரல்களும் ஒன்றின் சூட்டை ஒன்று காக்கும்.

ஆனால் மிட்டனோடு முடிச்சுப் போட முடியாது, ஜிப்பை இழுக்க முடியாது. கழற்றத்தான் வேண்டும். விரல்தோலின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் கைவேலையின் நுணுக்கம் குறையத் தொடங்கும். 8 டிகிரியை நெருங்கும்போது தொடு உணர்வே மரத்துவிடும். மரத்த விரல், நழுவும் பொருளைக்கூட உணராது. மலையேறிகள் மிட்டனுக்குள் மெல்லிய கையுறை ஒன்றையும் போட்டுக்கொள்வது இதற்காகத்தான். மேலுறையைக் கழற்றினாலும் வெறும் தோல் குளிரில் படாது.

கழற்றிய மேலுறை என்னவாகும் என்ற கேள்விக்கு ஆர்க்டிக்கின் இனூயிட் மக்களிடம் எளிய விடை இருந்தது. கரிபூ மான்தோலிலும் கடல்நாய்த் தோலிலும் மிட்டன் தைப்பவர்கள் அவர்கள். கரிபூவின் ரோமத்துக்குள்ளேயே காற்றறைகள் உண்டு. அந்த மிட்டன்கள் இரண்டையும் ஒரே வாரில் இணைத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வார்கள். கையை உருவினால் உறை இடுப்போரம் தொங்கும். இன்றைய மலையேற்றக் கையுறைகள் பலவற்றிலும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா வருகிறது. கடையில் வாங்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.