முளைப்பாரியின் மஞ்சள்

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "ஆடிக் கடைசியில் எங்க ஊர்ல முளைக்கொட்டு. கொல்லையில் போட்ட பாசிப்பயறு பச்சையா, குட்டையா முளைக்குது. முளைப்பாரிச் சட்டியில் போட்டது மட்டும் ஏன் மஞ்சளா, முக்கால் முழத்துக்கு வளருது? எங்க அப்பத்தாகிட்ட கேட்டா, ஆத்தா மஞ்சப் பூசி விட்டிருக்கான்னு சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?"

மஞ்சள் பூசியிருக்கிறது என்பது வரை அப்பத்தா சொல்வது சரி. பூசியது யார் என்பதில்தான் எனக்கு அவரோடு வழக்கு.

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் முளைப்பாரி போடும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். காப்புக் கட்டியதும் வீட்டுக்கு வீடு தானியம் வாங்குவார்கள். பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு, நெல் என்று இருப்பதைக் கொடுப்பார்கள். அதை ஊறவைத்து, சட்டியில் கண்மாய்க் கரம்பையும் மக்கிய ஆட்டு எருவும் வைக்கோலும் பரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். தண்ணீர் தெளிக்க ஒருவர் மட்டும் உள்ளே போவார். ராத்திரியானால் வெளியே கும்மி. ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலம் போய்க் கோயிலில் இறக்குவார்கள்; பிறகு ஊரணியிலோ கண்மாயிலோ, கடலோர ஊர் என்றால் கடலிலோ கரைப்பார்கள். அந்த நாட்களில் கூழும் மாவிளக்கும் பானகமும் ஊரெல்லாம் கிடைக்கும்.

இந்தக் கரையில் ஒரு கூடுதல் கவலை, தண்ணீர். பல ஊர்களில் அடிகுழாயில் வருவது உப்புத்தண்ணீர். வெளியே உப்பு ஏற ஏற, விதைக்குள் நீர் நுழையும் வேகம் குறையும்; உப்பு மிஞ்சினால் விதை முளைக்கவே முளைக்காது. முளைப்பாரிக்கென்று நல்ல தண்ணீரைக் குடத்தில் சுமந்து வருவது பக்தி மட்டும் இல்லை, வேறு வழியும் இல்லை.

விதை ஊறுவது, தோல் வெடிப்பது, வேர் முதலில் எட்டிப் பார்ப்பது எல்லாம் பள்ளிப் பாடம். அதில் நிற்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். நெல், கம்பு, கேழ்வரகு போன்ற தானியங்களில் ஊறிய கரு ஜிப்ரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது மாவுப் பகுதியைச் சுற்றியிருக்கும் மெல்லிய அடுக்குக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கிருந்து அமிலேஸ் என்ற நொதி இறங்கி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். முளைகட்டிய கேழ்வரகை அரைத்துக் காய்ச்சிய கூழ் கட்டியாகாமல் நெகிழ்ந்து, லேசாக இனிப்பதற்கு அதுதான் காரணம். இந்த ஜிப்ரெலின் அகப்பட்டதே ஒரு நோயிலிருந்து. நெல் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துபோகும் பூஞ்சை நோய் அது. பூஞ்சையை வடிகட்டிவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் கொடுத்தாலும் நாற்று நெட்டையாகிறது என்று 1926இல் காட்டியவர் குரோசாவா என்ற ஜப்பானியர்.

இனி மஞ்சளுக்கு வருவோம். மண்ணில் புதைந்த விதைக்கு ஒரு நெருக்கடி உண்டு. பருப்புக்குள் இருக்கும் சத்து தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். அதுவரை இலை விரித்தும் லாபமில்லை, பச்சையம் செய்தும் லாபமில்லை. அதனால் இருட்டில் முளைக்கும் செடி அந்த இரண்டு செலவையும் நிறுத்திவிட்டு, கையில் இருப்பதையெல்லாம் தண்டின் நீளத்தில் போடுகிறது. முளைப்பாரி அறையில் இருக்கும் பயறைப் பொறுத்தவரை, அது இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மேலே போகிறது. கதவு சாத்தியிருக்கும்வரை அதற்கு மண் முடிவதில்லை.

மூன்றாம் நாள் ஒரு பாசிப்பயறு முளையைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டு வெளுத்துப் பளபளவென்று இருக்கும், நகத்தால் கிள்ளினால் தண்ணீர் தெறிக்கும். உச்சியில் தண்டு கொக்கிபோல் வளைந்து, இரண்டு பருப்பும் ஒட்டியபடி தலைகீழாகத் தொங்கும். பச்சைத் தோல் இன்னும் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணை முட்டித் திறப்பது அந்த வளைவுதான். இளங்குருத்து அதன் பின்னால் மறைந்து வருவதால் மணல் உரசிக் கிழிவதில்லை. வளைவை நிமிரவிடாமல் காப்பது எத்திலீன், பழத்தைக் கனிய வைக்கும் அதே வாயு. 1901இல் ரஷ்யாவில் நெல்யூபோவ் என்ற மாணவர் இருட்டறையில் வளர்த்த பட்டாணி குட்டையாகி, தடித்து, பக்கவாட்டில் படுத்துக்கொள்வதைக் கண்டார். ஆய்வகக் காற்றில் கலந்திருந்த விளக்கு வாயுவிலுள்ள எத்திலீன்தான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பவர்களுக்கு எத்திலீன் கலந்த புகையின் இந்தக் குணம் வேறு வழியில் தெரியும். ஆகவே முளைப்பாரி அறைக்குள் சாம்பிராணிப் புகையை அடைத்து வைக்க வேண்டாம் என்பது என் யோசனை.

முழ நீளத்துக்கு வளர்ந்ததெல்லாம் புதிதாக உண்டான உடம்பு என்று நினைத்துவிடக் கூடாது. அந்தத் தண்டில் செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கிற செல்களே சுவரைத் தளர்த்திக்கொண்டு, நீரைக் குடித்து, நீண்டுபோகின்றன. சட்டி நிறைய வளர்ந்த முளைப்பாரியை நன்றாகக் காயவைத்து நிறுத்தால், போட்ட விதையின் எடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மீதி கரியமில வாயுவாகக் காற்றில் போய்விட்டது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த வெதுவெதுப்பிலும் புழுங்கிய வாடையிலும் முளைகள் விட்ட மூச்சு இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். கண்ணில்லாத செடிக்கு இருட்டு என்று எப்படித் தெரிகிறது?

அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் 1952இல் கீரை வகையான லெட்யூஸ் விதைகளை வைத்து ஒரு வேடிக்கை செய்தார்கள். சிவப்பு ஒளியைக் கொஞ்ச நேரம் காட்டினால் விதை முளைத்தது. அதன் பின்னாலேயே, நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அகச்சிவப்பை ஒட்டிய ஆழ்ந்த சிவப்பைக் காட்டினால் முளைக்கவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி ஆழ்சிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே போனார்கள். எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகக் காட்டிய ஒளி எதுவோ அதன் சொல்தான் செல்லுபடியானது. விதைக்குள் இரண்டு நிலைகளுக்கு இடையில் போய்ப் போய் வரும் ஒரு நிறமி இருக்க வேண்டும் என்று போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் முடிவுகட்டினார்கள். 660 நானோமீட்டர் சிவப்பு அதை ஒரு நிலைக்குத் தள்ளும். 730 நானோமீட்டர் அதைத் திருப்பிக் கொண்டுவரும்.

அந்த நிறமியை நேரில் பிடிக்க இன்னும் ஏழு வருடம் ஆனது. பச்சை இலையில் பச்சையம் மிகுந்திருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. 1959இல் அகப்பட்டது எதில் தெரியுமா? இருட்டில் வளர்த்த வெளிறிய மக்காச்சோள நாற்றில். நம் ஊர்ப் பெண்கள் ஆடிதோறும் கதவைச் சாத்தி வளர்ப்பதுபோன்ற ஒரு பயிர் அந்த ஆய்வகத்தில் தேவைப்பட்டது. நிறமிக்கு ஃபைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் வேலை இப்போது ஓரளவு துலங்கிவிட்டது. இருட்டில் செல்லின் உட்கருவுக்குள் 'நீளு, நீளு' என்று மரபணுக்களை ஏவும் சில புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. வெளிச்சம் பட்டதும் ஃபைட்டோகுரோம் உருமாறி உட்கருவுக்குள் போய் அந்தப் புரதங்களைப் பிடிக்கிறது; செல் அவற்றைச் சிதைத்துவிடுகிறது. ஏவல் நின்றதும் தண்டின் ஓட்டம் அடங்கி, கொக்கி நிமிர்ந்து, இலை விரிகிறது. இதற்கு வெயில் தேவையில்லை, தினம் சில நிமிட வெளிச்சம் போதும். முளை அவ்வளவாகப் பச்சையாகாது, ஆனால் குட்டையாகிவிடும். முளைப்பாரி நெட்டையாக வர வேண்டும் என்றால் ஒருவரே, இருட்டிய பிறகு, சட்டென்று போய்த் தெளித்துவிட்டு வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் பொருள் இருக்கிறது.

மஞ்சள் நிறம் கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகளுடையது. பச்சையம் இல்லாததால் அது வெளியே தெரிகிறது. பச்சையம் ஏன் இல்லை என்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. செடி பச்சையத்தின் முந்தைய கட்டம் வரைக்கும் செய்து முடித்துவிட்டுத்தான் காத்திருக்கிறது, தோசை மாவைக் கரைத்து வைத்துவிட்டு அடுப்பு பற்றவைக்க ஆள் வரட்டும் என்று இருப்பதைப்போல. அந்தக் கடைசி மாற்றத்தைச் செய்யும் நொதி, பூக்கும் தாவரங்களில் ஒளி நேரடியாகப் பட்டால் மட்டுமே வேலை செய்யும். ஒளியாலேயே இயங்கும் நொதிகள் உயிருலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் ஒன்று இது. பைன் மர நாற்றுகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அவை இருட்டிலேயே பச்சை பிடிக்கும். நம் பயறுக்கு அது முடியாது. ஊர்வலம் முடிந்து கோயில் வாசலில் வெயில்பட வைத்த சட்டிகளைச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள், நுனிகளில் பச்சை ஏறத் தொடங்கியிருக்கும். அப்பத்தாவையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

தீட்டு பற்றியும் அந்த மாணவி கேட்டிருக்கிறார். மாதவிலக்கானவர் உள்ளே போனால் முளை கருகும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊரில் மட்டும் இல்லை. டிப்தீரியா சோதனையால் பெயர்பெற்ற பேலா ஷிக் என்ற குழந்தை மருத்துவர் 1920இல் வியன்னாவில் இதே கதையைச் சொன்னார். வேலைக்காரப் பெண் வாங்கிவைத்த பூக்கள் வாடின, அவளுக்கு அன்று மாதவிலக்கு, ஆகவே வியர்வையில் ஏதோ நஞ்சு என்று கட்டுரையே எழுதினார். அதன் பின்னால் பல வருடம் பலர் தேடியும் அப்படி ஒரு நஞ்சு நிரூபணமாகவில்லை. ஃபைட்டோகுரோமுக்குத் தெரிந்தது ஒளி மட்டும்தான். கதவைத் திறந்து போடுபவர் யாராக இருந்தாலும் முளை குட்டையாகும்.

முளைப்பாரியே முன்னோர் கண்ட விதைத் தேர்வு என்று வாட்ஸ்அப்பில் வருடாவருடம் சுற்றுவதையும் பார்க்கிறேன். அதில் பாதி சரி. ஐப்பசி மழையை நம்பி அதற்கு முன்பே புழுதியில் விதைக்கும் மாவட்டம் இது. விதைப்புக்கு முன்னால் ஊர்த் தானியம் முளைக்கிறதா என்று தெரிவது நல்லதுதான். வெயிலின் உதவி இல்லாமல் வளர்வதால், இருட்டு முளையின் உயரம் விதையின் சொந்தச் சத்தைத்தான் காட்டும். ஆனால் விதைச் சான்றிதழுக்கு நெல் 80 சதவீதமும் பாசிப்பயறு 75 சதவீதமும் முளைக்க வேண்டும் என்றால், அதற்கு எண்ணிப் போட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். முளைப்பாரியில் யாரும் எண்ணுவதில்லை, எந்த வீட்டு விதை எந்தச் சட்டியில் என்றும் தெரியாது. முன்னோர் பெருமை பேசப் பணம் ஒதுக்கத் தயங்காத நாம், ராமநாதபுரத்தில் இருக்கும் கடலோர உவர் ஆராய்ச்சி மையம், பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று விசாரிப்பதுகூட இல்லை. பெல்ட்ஸ்வில் வரை வந்த ஒளி ஆராய்ச்சி ஒரு புகையிலைச் செடி ஏன் பூக்க மாட்டேன் என்கிறது என்ற கேள்வியில் ஆரம்பித்தது. அன்றைக்கு அது சல்லிக் காசு பெறாத கேள்வியாகத்தான் தோன்றியிருக்கும்.

அடுத்த வருடம் ஒரு சட்டி கூடுதலாகப் போட்டு, அதை மட்டும் தினம் ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வைத்து, கடைசி நாளில் மற்றதோடு அளந்து எழுதுங்கள். மிஞ்சிய முளைகளை ஆட்டுக்குப் போடுவதாக இருந்தால் சோளம் கலந்த சட்டியைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். இளஞ்சோளக் குருத்தில் துரின் என்ற பொருள் நிறைய உண்டு. கடித்து மென்றதும் அதிலிருந்து சயனைடு வெளிவரும்.